இழிவு எருவில் இல்லை

படிப்பில் பின்தங்கிய மாணவனைக் கடிந்துகொள்ளும் தமிழாசிரியர், தலைமுறை தலைமுறையாக ஒரே வசையைக் கையாண்டு வருகிறார். “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பதே அவ்வசை. சினம் சற்று மிகுந்துவிட்டால், “உன் தலையில் இருப்பது மூளையா, சாணியா?” என்னும் வினாவும் உடன் வரும். வகுப்பு சிரிக்கும், மாணவன் தலைகுனிவான், ஆசிரியர் பாடத்தைத் தொடர்வார். ஆனால், அந்த ஒரு நொடியில் வேறொரு பாடம் அங்கே நடந்து முடிந்துவிடுகிறது. மாடு இழிந்தது, மாடு மேய்ப்பவர் இழிந்தவர், சாணம் அறிவின்மைக்கு அடையாளம் என்னும் பாடம் அது. தேர்வுக்கு வராத அந்தப் பாடத்தைத்தான் மாணவர்கள் வாழ்நாள் முழுவதும் மறவாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

பேராக் மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஏனெனில், இக்குற்றம் ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதன்று. எழிற்போட்டி ஒன்றிற்காகக் கேமரன் மலையிலிருந்து ரோசாத் தொட்டிகள் வாங்கி வரப்பட்டு, நுழைவாயிலிலிருந்து அலுவலகம் வரை வரிசையாக வைக்கப்பட்டன. இரண்டு மாதங்களில் இலைகள் மஞ்சளித்தன. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இதனை வீட்டில் சொன்னான். அவனுடைய தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறம் நான்கு ஆடுகள் வைத்திருப்பவர். அவர், பல மாதம் காய்ந்து மக்கிய ஆட்டெருவை அரிசிச் சாக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னே ஏற்றிக்கொண்டு பள்ளி வாயிலுக்கு வந்தார். “மேலதிகாரிகள் வரும் நேரம் ஐயா, இதை உள்ளே கொண்டு வரவேண்டாம்” என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், அவ்வாண்டு முடியும்வரை அம்மாணவனைப் “புழுக்கை” என்றே அழைத்தார்கள். ரோசாச் செடிகள் மடிந்தன. அது சிறிய இழப்பு. தாத்தா தெரிந்து வைத்திருந்தது வெட்கத்துக்குரியது என்று ஒரு சிறுவன் அன்று கற்றுக்கொண்டான். அதுவே பெரிய இழப்பு.

எருவை இழிவாக எண்ணுவது தூய்மையுணர்வும் அன்று, நாகரிகமும் அன்று. அது தோட்டத்து முன்னோரின் அறிவைத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு வரும் செயல். இவ்விழிவுணர்ச்சியைத் தமிழ்ப்பள்ளிதான் முதலில் கைவிட வேண்டும்.

மாட்டுக்கொட்டகையில் வளர்ந்த கல்வி

சுங்கை சிப்புட் முதல் தஞ்சோங் மாலிம் வரை பேராக்கில் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைகள் இருந்தன. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்துத் திரும்பிய தொழிலாளி, மாலையில் மாட்டுக்குப் புல்லறுத்தார். தோட்டக் கூலி அரிசிக்கும் கடன் தீர்க்கவும் போயிற்று. பிள்ளையின் பள்ளிச் சீருடையும் புத்தகமும் பல வீடுகளில் பால் விற்ற காசிலிருந்து வந்தன. இன்று ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் விளங்கும் பலரின் கல்விக்கு அக்கொட்டகைகள் துணைநின்றன. “மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று பழிக்கும் ஆசிரியர் சிலரின் தந்தையரும் மாடு மேய்த்தே அவர்களை ஆசிரியராக்கினார்கள்.

கொட்டகையின் பக்கத்தில் எருக்குழி இருந்தது. கூட்டிய சாணமும் கழித்த புல்லும் அடுப்புச் சாம்பலும் அதில் விழுந்தன. மக்கிய எரு, லயத்தைச் சுற்றியிருந்த முருங்கைக்கும் கத்தரிக்கும் வாழைக்கும் சென்றது. துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களும் இவ்வெருவின் பயனை அறிந்தவர்களே. பங்களா விருந்தினர் பாராட்டிய மலர்களைப் பதியம் வைத்தும் கிளை கழித்தும் எருவிட்டும் வளர்த்த கைகள், பள்ளிப்படிப்பு அறியாத கைகள்.

அவர்களிடம் இருந்தது வெறும் பழக்கம் அன்று, அறிவு. ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெரு அடுத்த ஆண்டுதான் பலன் தரும் என்னும் பொருளில் உழவர்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. இதனை இன்றைய மண்ணியலும் மறுக்கவில்லை. ஆட்டெருவில் நீர் குறைவு, சத்துச் செறிவு மிகுதி. சிறு உருண்டைகளாக இருப்பதால் அது விரைவில் உதிர்ந்து மண்ணோடு கலக்கிறது. மாட்டுச் சாணத்திலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்துச் செடிக்குத் தருவதற்குக் காலம் பிடிக்கிறது. ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதை ஒரு பழமொழி முன்பே சொல்லி வைத்திருக்கிறது. அப்பழமொழியைப் பேசிய முதியவரைத்தான் பள்ளி வாயிலிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். உழைக்கும் தொழிலாளியே மண்ணுக்கு உரிமையாளர் ஆகவேண்டும் என்னும் நோக்கத்தில் பல்லாயிரவர் தம் கூலியிலிருந்து அதற்குப் பங்கு செலுத்தினார்கள். பின்னர் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இணைவீட்டின் பின்கட்டில் மாடு கட்ட இடமில்லை. மாடு போயிற்று, மாட்டோடு எருக்குழியும் போயிற்று. அது காலத்தின் கட்டாயம். ஆனால், எருவைப் பற்றிய அறிவும் போகவேண்டும் என்று எந்தக் காலமும் கட்டாயப்படுத்தவில்லை. மண்ணைச் சொந்தமாக்கக் கூலியில் பங்கு கொடுத்தவரின் பேரப்பிள்ளைக்கு இன்று மண்ணைத் தொடவே கை கூசுகிறது.

துரைமார் வெட்கப்படவில்லை

சாணத்தை ஒதுக்குவதே மேனாட்டு நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் மேனாட்டாரையும் அறியவில்லை, நாகரிகத்தையும் அறியவில்லை. இங்கிலாந்தில் ரோசா வளர்ப்பு ஒரு பெருங்கலையாக ஓங்கிய 19ஆம் நூற்றாண்டில், அக்கலைக்கு வழிகாட்டியாக விளங்கியவர் சாமுவேல் ரெனால்ட்ஸ் ஹோல் என்னும் கிறித்துவப் பாதிரியார். 1869இல் அவர் ரோசாக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் எருவைக் குறித்து விரிவாகப் பேசும் அவர், பண்ணைத் தொழுவத்து எருவையே ரோசாவுக்கு உகந்ததாகப் போற்றுகிறார். தேவாலய மேடையில் நின்றவருக்கே தொழுவத்து எருவைப் பற்றி எழுத நாணமில்லை. அவர் பின்னர் இங்கிலாந்தின் தேசிய ரோசாச் சங்கத்திற்கு முதல் தலைவரானார்.

இலங்கையின் காப்பித் தோட்டங்களில் துரைமார் எருவுக்காகவே மாடுகளை வளர்த்ததும் அந்த நூற்றாண்டில்தான். இந்திய வேளாண்மையை ஆராய வந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் வேதியியல் அறிஞர் 1893இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவர் எருவின் அருமை அறியாமல் சாணத்தை எரிக்கவில்லை. வேறு விறகு கிடைக்காமையால்தான் வறட்டி தட்டி எரிக்கிறார் என்று அவர் எடுத்துக்காட்டினார். 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், உழவருக்குக் கற்பிக்க வந்து உழவரிடமே கற்றவர். இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாகவே அவர் கருதினார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய காலத்தில், இந்திய, சீன உழவர்களின் பழைய முறைகளை ஆராய்ந்து, சாணத்தையும் தாவரக் கழிவையும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். ‘இந்தூர் முறை’ என்று உலகம் அழைப்பது அதனைத்தான். இன்று ‘இயற்கை வேளாண்மை’ என்று மேலைநாடுகள் பேசும் இயக்கத்திற்கு அது ஓர் அடிக்கல்.

ஆகவே, எருவைப் பற்றிய வெட்கம் வெள்ளையர் தந்ததன்று. தமிழ் மரபும் தந்ததன்று. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து, அதன்மேல் பூசணிப்பூ செருகிய இனம் தமிழினம். சாணத்தையும் மலரையும் ஒன்றாகக் கண்ட கண் அது. தோட்டத்து வாழ்வை மறைக்க வேண்டும், தாம் எங்கிருந்து வந்தோம் என்பது அயலாருக்குத் தெரியக்கூடாது என்னும் தாழ்வுமனப்பான்மையே இவ்வெட்கத்தைப் பெற்றெடுத்தது. இதற்குச் சான்று வேண்டுவோர் ஈப்போவின் எந்த நாற்றுப்பண்ணைக்கும் சென்று பார்க்கலாம். அதே ஆட்டெருவை நெகிழிப் பையில் அடைத்து, பையின்மேல் வண்ணப் பூப்படம் அச்சிட்டு விற்கிறார்கள். வாங்குவோர் அதனை மகிழுந்தில் ஏற்றிச் செல்கிறார்கள். அரிசிச் சாக்கில் வந்தால் நாற்றம்; அச்சிட்ட பையில் வந்தால் உரமோ? பொருள் ஒன்றே. கொண்டு வந்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

உர மூட்டையின் கணக்கு

“இரசாயன உரம் கைக்கு எளிது, பலனும் விரைவு” என்பார்கள். அதில் உண்மை உண்டு. அதை மறைப்பது அறமன்று. கடையில் விற்கும் 15:15:15 கலப்பு உரத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்றும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வீதம் உள்ளன. மாட்டெருவில் தழைச்சத்து ஏறத்தாழ நூற்றுக்கு அரைப் பங்குதான். 10 கிலோ மாட்டெரு தரும் 50 கிராம் தழைச்சத்தை, ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு கலப்பு உரமே தந்துவிடும். எடையை மட்டும் பார்த்தால் மூட்டைதான் வெல்லும்.

ஆனால், செடி மூட்டையில் வளர்வதில்லை, மண்ணில் வளர்கிறது. ஈப்போ எந்த மண்ணின்மேல் அமைந்த நகர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கங்களின் பூமி. மண்ணைத் தோண்டி, நீரால் அலசி, ஈயத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சிய மணலைக் கொட்டிச் சென்றார்கள். 1985இல் ஈயத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அத்தகைய நிலங்கள் பலவற்றின்மேல் வீடுகளும் கடைகளும் எழுந்தன. மணல்மண்ணால் நீரையும் நிறுத்தி வைக்க இயலாது, சத்தையும் நிறுத்தி வைக்க இயலாது. இங்கோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. திங்கட்கிழமை தூவிய உரம் செவ்வாய்க்கிழமை மழையில் கரைந்து, வேருக்குக் கீழே இறங்கி, வடிகாலுக்குச் சென்றுவிடும். மறுபடியும் மூட்டை வாங்க வேண்டும்.

எரு இங்கே இன்னொரு பணி செய்கிறது. மக்கிய கரிமப் பொருள் மணலுக்கு இடையே பஞ்சுபோல் அமர்ந்து நீரைத் தாங்குகிறது. கரைந்து ஓடும் சத்தைப் பற்றி வைக்கிறது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாகிறது. கிந்தாவின் பழைய சுரங்க நிலங்களில் காய்கறியும் கனிமரங்களும் பயிரிட்ட சீன விவசாயிகள் இதனை நன்கு உணர்ந்தார்கள். கால்நடை எருவை ஆண்டுக்கணக்கில் இட்டு வெறும் மணலைக் கீரைப் பாத்திகளாக மாற்றினார்கள். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் ஈப்போ சந்தைக்குக் கீரை வந்திராது.

மூட்டையின் விலையும் உள்நாட்டுக் கையில் இல்லை. மலேசியாவில் யூரியா பிந்துலுவிலும் குருனிலும் உற்பத்தியாகிறது. பொட்டாசு உரத்துக்கோ வெளிநாட்டையே நம்பியிருக்க வேண்டும். 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது உலகெங்கும் உர விலை உயர்ந்தது. தொலைவில் நடந்த போரின் சுமை இங்குள்ள உரக்கடை வரை வந்தது. ஆட்டுக்கொட்டகைக்கு அப்போரைப் பற்றிய கவலை இல்லை.

இரசாயன உரத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரோசாவுக்கு இரண்டையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. செடி ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ. அதனோடு தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல்சத்து 12 கிராம். இந்த அளவுகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். எரு கிலோவில் அளக்கப்படுகிறது. இரசாயனச் சத்து கிராமில் அளக்கப்படுகிறது. எருதான் சோறு, மற்றது உப்பு. பள்ளிகளோ உப்பை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டுச் செடி வாடுகிறதே என்று வியக்கின்றன. குளிர்மலையில் வளர்ந்த ரோசா வகைகள் ஈப்போவின் வெப்பத்தில் எப்படியும் சற்றுத் திணறும் என்பதும் மெய்யே. அத்தகைய செடிக்கு நல்ல மண்ணையாவது தரவேண்டாவா?

புனிதம் என்னும் மறுபக்கப் பிழை

இழிவு பேசுவோர் ஒருபுறம் இருக்க, மறுபுறத்தில் வேறொரு கூட்டம் உண்டு. பசுவின் சாணம் புனிதமானது, முன்னோர் சொன்னது, ஆகவே எப்படி இட்டாலும் நன்மையே பயக்கும் என்பது அவர்களின் வாதம். இழிவு பேசுவோரைப் போலவே இவர்களும் எருவை அறியாதவர்கள். வணங்குவதும் வெறுப்பதும் ஆராயாமல் இருப்பதற்கு இரு வழிகள், அவ்வளவே.

பச்சைச் சாணத்தை ரோசாவின் வேரடியில் கொட்டினால், அது நொதிக்கும்போது எழும் வெப்பமும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கும். கோழியெரு இன்னும் கடுமையானது. உலர்ந்த கோழியெருவில் தழைச்சத்து நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு. பச்சையாக இட்டால் அது செடியை எரித்துவிடும், ஈயையும் பெருக்கும். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பச்சைக் கோழியெருவால் ஈத்தொல்லை என்னும் குறை நெடுநாளாக எழுந்து வந்ததை அங்கு சென்றோர் அறிவர். மாட்டின் வயிற்றில் செரிக்காத புல்விதைகள் பச்சைச் சாணத்தில் உயிரோடு இருக்கும். பாத்தியில் களை மண்டும். கிளறாமல் விட்ட எருக்குவியலில் தென்னையையும் செம்பனையையும் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். இவற்றையெல்லாம் அறியாமல் முன்னோர் பெயரைச் சொல்லுவது முன்னோரை இழிவுபடுத்துவதாகும். அவர்கள் சாணத்தை நேரே செடிக்கு இடவில்லை; எருக்குழியில் இட்டுக் காத்திருந்தார்கள்.

உணர்ச்சி அறிவின் இடத்தைப் பிடித்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கை அண்மைய சான்று. 2021இல் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. மாற்றாக இடுவதற்குப் போதிய இயற்கை உரம் நாட்டில் இல்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது, அவ்வாண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்த நேர்ந்தது. ஆயத்தமின்றிச் செய்த அச்செயலின் துன்பத்தை மலையகத் தமிழ்த் தொழிலாளரும் சேர்ந்தே சுமந்தார்கள். எருவின்மீது பற்று வேண்டும். அப்பற்றுக்குக் கணக்கும் வேண்டும்.

அக்கணக்கு கடினமானதன்று. ஒரு பங்கு சாணத்துக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலை சேர்க்க வேண்டும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையாமல் குவிக்க வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் போதும். மழை கரைத்துச் செல்லாதபடி மேலே ஒரு தகரக் கூரை வேண்டும். குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். இடையிடையே நன்கு கிளறிவிட்டு அச்சூட்டைப் பதினைந்து நாளுக்குக் குறையாமல் காத்தால், நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவையும் களைவிதைகளும் மடியும். இரண்டு, மூன்று மாதங்களில் அது கறுத்து, உதிர்ந்து, புதுமழை பெய்த மண்ணைப்போல் மணக்கும். அப்பொழுதுதான் அது எரு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பி, மேலே சருகு மூடினால் போதும். தொட்டியாயின் நான்கு பங்கு மண்கலவையில் ஒரு பங்கு போதுமானது.

மூன்று மறுப்புகள்

பள்ளிகள் கூறும் மறுப்புகள் மூன்று. முதலாவது, நாற்றம். நன்கு மக்கிய எரு நாறுவதில்லை. நாறினால் அது இன்னும் மக்கவில்லை என்று பொருள். நாற்றம் ஒரு குற்றமன்று, ஓர் அளவுகோல். அறிவியல் ஆசிரியருக்கு இதனினும் எளிய ஆய்வுக்கருவி கிடைக்குமா?

இரண்டாவது, நோய். இம்மறுப்பு மதிக்கத்தக்கது. சாணத்தில் கிருமிகள் உண்டு. கையில் காயமுள்ள மாணவர் அதனைத் தொடக்கூடாது. கையுறையும் காலணியும் வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். இவற்றைக் கற்பிப்பதற்குத்தானே பள்ளி இருக்கிறது? எருவிடும் பழக்கத்தைப் பள்ளியில் தொடங்குவதற்கு ரோசா ஏற்ற செடி என்பதற்கும் இதுவே காரணம். கீரையைப்போல் அது தட்டுக்கு வருவதில்லை. ஆகவே இடர் குறைவு. முதலில் ரோசாவில் பழகிய கை, பின்னர்க் காய்கறிப் பாத்திக்குத் தகுந்த கவனத்தோடு செல்லும்.

மூன்றாவது, நேரமின்மை. தேர்வு நெருக்குகிறது என்பது முன்னாளில் ஆயத்தமாக இருந்த விடை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் நேரமில்லை என்றால், இல்லாதது நேரமன்று, மனம்.

மாடில்லாத ஊரில் எருவுக்கு எங்கே போவது என்று கேட்போரும் உண்டு. பேராக்கில் ஆடுமாடு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள்ளன. சாணத்தை என்ன செய்வதென்று அறியாமல் அவற்றுள் சில திண்டாடுகின்றன. எருவின்றிப் பள்ளித் தோட்டம் வாடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டர். அதனைக் கடப்பதற்கு ஒரு வெட்கத்தை விட்டொழித்தால் போதும்.

குறளும் கூடையும்

திருக்குறளில் ‘உழவு’ என்னும் 104ஆம் அதிகாரம் உண்டு. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்கிறார் வள்ளுவர். அதற்கு முந்திய குறளிலோ, மண்ணை நன்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவைப்படாது என்கிறார். இவ்விரண்டும் முரண்படுவனவா என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் என்ன விடை தருவார்? உரையாசிரியரின் சொல்லை மட்டும் ஒப்பித்தவரால் விடை தர இயலாது. மண்ணின் நிலையறிந்து எருவை அளப்பதே உழவு என்பதைக் கூடை தூக்கிய கை உடனே கண்டுகொள்ளும். வள்ளுவர் எருவை இழிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. தொடி, கஃசு என்று எடையிட்டுப் பேசினார். மனப்பாடமாகக் குறளை ஒப்பித்த மாணவன், வகுப்பை விட்டு வெளியே வந்து எருக்கூடையைக் கண்டு மூக்கைப் பொத்துவானேயானால், அவன் குறளைப் படிக்கவில்லை; எழுத்தை மட்டுமே படித்தான்.

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். பயிற்றுமுறைகள் பலவற்றை அவர்கள் கற்கிறார்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தாமானில் வாழும் முதியவருக்கு என்ன தெரியும் என்று கேட்கும் முறையையும் கற்க வேண்டும். மாதம் ஒரு முறை, தோட்டத்தில் உழைத்த ஒரு தாத்தாவையோ பாட்டியையோ பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் எருக்குவியலைக் கிளறச் சொல்லலாம். அவர்கள் சொல்வதை மாணவர்கள் எழுதி, வெப்பமானியால் அளந்து, சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கலாம். தவறாயின் திருத்தலாம், சரியாயின் போற்றலாம். அதுவே அறிவியல் பாடம், அதுவே மொழிப்பாடம், அதுவே வரலாற்றுப் பாடம். இன்னும் சில ஆண்டுகள் கடந்தால், லயத்தில் எருக்குழி வெட்டியவர் எவரும் அழைப்பதற்கு இருக்கமாட்டார். அவர்களோடு மறையப்போவது நூல்நிலையத்தில் தேடிக் கண்டெடுக்கக்கூடிய அறிவன்று.

அதற்கு முன்னால், வகுப்பறையில் வழங்கும் அப்பழைய வசையை ஆசிரியர் உலகம் இன்றே விட்டொழிக்க வேண்டும். மாடு மேய்ப்பதற்கும் அறிவு வேண்டும். சாணத்தை எருவாக்குவதற்கும் அறிவு வேண்டும். அறிவு வேண்டாத ஒன்று உண்டெனில், அஃது அவ்வசைதான்.

ஒவ்வோர் ஆண்டும் மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம் வருகிறது. பிள்ளைகள் ஆசிரியர் கையில் ரோசா மலரைக் கொடுத்து வணங்குகிறார்கள். ஆசிரியர் அதனை முகர்ந்து மகிழ்கிறார். அம்மலரை ஏற்றுக்கொள்ளும் கை, அரிசிச் சாக்கில் எருவோடு வாயிலில் நிற்கும் முதியவரையும் உள்ளே அழைக்க வேண்டும். “வாருங்கள் ஐயா, எங்கே இடவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று ஓர் ஆசிரியர் அன்று சொல்லியிருந்தால், அந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் தலைநிமிர்ந்து நின்றிருப்பான். அச்சொல்லை இனியேனும் சொல்லத் தமிழ்ப்பள்ளிகள் முன்வருமா?